மலிவு விலை மெமரி கார்டு: வேகத்தையும் ஆயுளையும் சோதிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிசிடிவி கேமரா, டேஷ்கேம், பழைய போன், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் என்று எதற்காவது விலை குறைந்த மைக்ரோ எஸ்டி கார்டு வாங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எந்த பிராண்டு நல்லது என்ற பட்டியல் இங்கே கிடையாது. கையில் இருக்கும் கார்டை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம்.

புதுக் கார்டுதானே, எதற்குச் சோதிக்க வேண்டும்?

மலிவுக் கார்டில் சிக்கல் மூன்று இடத்தில் வரும். கொள்ளளவே பொய்யாக இருக்கலாம். கொள்ளளவு சரியாக இருந்தும் அட்டையில் போட்ட வேகம் பக்கத்தில்கூட வராமல் போகலாம். இரண்டும் ஒழுங்காக இருந்து, சில மாதத்தில் செத்தும் போகலாம். இதில் முதலாவதுதான் மோசம், ஏனென்றால் அது வெளியே தெரியாது. கல்யாண வீட்டில் எடுத்த படங்கள் எல்லாம் பெயரோடும் சைஸோடும் ஃபோல்டரில் வரிசையாக நிற்கும். திறந்தால் பாதிப் படத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அதனால் முதலில் கொள்ளளவு, அடுத்து வேகம், அப்புறம்தான் ஆயுள்.

64 ஜிபி கார்டு 59 என்றுதான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. கார்டு தயாரிப்பவர்களுக்கு ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடியே சொச்சம் பைட்டை ஒரு ஜிபி என்கிறது. 6400 கோடியை அதால் வகுத்தால் 59.6 வரும். இதே கணக்கில் 32 ஜிபி கார்டு 29.8 என்றும் 128 ஜிபி கார்டு 119.2 என்றும் காட்டும். ஒன்றிரண்டு புள்ளி முன்னே பின்னே இருக்கலாம், பரவாயில்லை.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். கார்டு 119 என்று காட்டுவதாலேயே உள்ளே 119 இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

அதெப்படி? 8 ஜிபி சிப் 128 ஜிபி என்று எப்படிக் காட்டும்?

கார்டுக்குள் ஃப்ளாஷ் சிப்போடு கன்ட்ரோலர் என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றும் இருக்கிறது. "உன்னிடம் எத்தனை பிளாக் இருக்கிறது?" என்று போன் கேட்டால் பதில் சொல்வது அதுதான். அதற்குள் இருக்கும் ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்கும் உள்நிரலை, மாற்றிவிட்டால் எந்த எண்ணையும் கூசாமல் சொல்லும். இது கற்பனைக் கதை கிடையாது. 2013 டிசம்பரில் ஹாம்பர்க் நகரில் நடந்த 30சி3 என்ற ஹேக்கர் மாநாட்டில் பன்னி ஹுவாங் என்ற ஹார்டுவேர் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளியும் எஸ்டி கார்டு கன்ட்ரோலரில் தங்கள் சொந்த நிரலை ஏற்றி ஓட்டியே காட்டினார்கள்.

இல்லாத இடத்தில் எழுதச் சொன்னால் போலிக் கார்டு இரண்டில் ஒன்றைச் செய்யும். ஒரு ரகம் சுற்றி வந்து பழைய இடத்தின் மேலேயே எழுதும். 9-வது ஜிபியில் எழுதியது முதல் ஜிபியை அழித்துவிடும். இன்னொரு ரகம் "எழுதிவிட்டேன்" என்று சொல்லிவிட்டு டேட்டாவை அப்படியே கீழே போட்டுவிடும். பெரும்பாலும் கோப்புகளின் பெயர்ப் பட்டியல் மட்டும் கார்டின் நிஜமான பகுதியில் பத்திரமாக இருக்கும். அதனால்தான் பெயரும் சைஸும் தெரிகிறது, படம் திறப்பதில்லை.

இன்னொன்று. மைக்ரோ எஸ்டி அளவில் 1 டிபி கார்டு அறிவிக்கப்பட்டதே 2019-ல்தான். எஸ்டிஎக்ஸ்சி என்ற தரத்தின் உச்சவரம்பு 2 டிபி. யாராவது நாலு டிபி, பதினாறு டிபி என்று சில நூறு ரூபாய்க்கு விற்றால் சோதனைக்குக்கூட நேரம் செலவழிக்க வேண்டாம்.

எந்த மென்பொருளால் சோதிப்பது?

விண்டோஸ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ. ஜெர்மனியின் சிடி என்ற கம்ப்யூட்டர் பத்திரிகையிலிருந்து வந்த பழைய இலவச நிரல், இன்னும் வேலை செய்கிறது. திறந்தவுடன் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, கார்டைக் காட்டி, இருக்கும் இடம் முழுவதும் எழுதிச் சரிபார்க்கச் சொன்னால் போதும். லினக்ஸ், மேக் என்றால் எஃப்3. இதில் எஃப்3ரைட் கார்டை நிரப்பும், எஃப்3ரீட் திரும்பப் படித்து ஒப்பிடும்.

இரண்டும் செய்வது ஒரே வேலை: ஒவ்வோர் இடத்துக்கும் வேறு வேறு டேட்டாவை, 1 ஜிபி கோப்புகளாக கார்டு நிரம்பும்வரை எழுதிவிட்டுத் திரும்பப் படிப்பது. 128 என்று சொல்லி 8 மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கீழே போடும் கார்டில் எஃப்3ரீட் ஓடும்போது பாருங்கள். ஏழெட்டு கோப்புகள் வரை சேதமான செக்டர் (டேட்டாவின் சிறு துண்டு) சுழியம் என்று அழகாக வரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியிலும் 20 லட்சத்துச் சொச்சம் செக்டர் "கெட்டது" அல்லது "மேலே எழுதப்பட்டது" என்ற பத்தியில் போய் விழும். அந்த மாற்றம் நடக்கும் இடம்தான் கார்டின் உண்மையான கொள்ளளவு.

எழுதி முடித்த பிறகு கார்டை ஒருமுறை வெளியே எடுத்து மீண்டும் செருகிவிட்டுப் படிக்க வையுங்கள். இல்லாவிட்டால் கடைசியாக எழுதிய பகுதி கம்ப்யூட்டரின் ரேமிலிருந்தே திரும்பி வந்து, எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். லினக்ஸ்காரர்கள் பலர் பேட்பிளாக்ஸ் கட்டளையை ஓட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது கார்டு முழுக்க ஒரே மாதிரியான டேட்டாவை எழுதுவதால், சுற்றிச் சுற்றி எழுதும் போலிக் கார்டு அதில் முழு மதிப்பெண் வாங்கிவிடும்.

முழுக் கார்டையும் நிரப்ப நேரம் ஆகுமே, குறுக்கு வழி இல்லையா?

லினக்ஸில் எஃப்3ப்ரோப் இருக்கிறது. அங்கங்கே சில பிளாக்குகளை மட்டும் தொட்டுப் பார்த்துச் சில நிமிடத்தில் போலியா என்று சொல்லிவிடும். கடைக்காரரிடம் நின்றுகொண்டு சோதிக்க இது நல்லது. ஆனால் நடுவில் எங்கோ ஒரு பகுதி கெட்டிருந்தால் அதன் கண்ணில் படாது. வீட்டுக்கு வந்ததும் முழுச் சோதனையைப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

அட்டையில் 100 எம்பி என்று போட்டிருக்கிறது, எனக்கு 20 தான் வருகிறது. ஏன்?

முதலில், அந்த 100 என்பது படிக்கும் வேகம். எழுதும் வேகத்தை மலிவுக் கார்டுகளின் அட்டையில் பெரும்பாலும் பெரிய எழுத்தில் போடுவதே இல்லை. அதுவும் "இவ்வளவு வரை" என்றுதான் இருக்கும், "குறைந்தபட்சம் இவ்வளவு" என்று இருக்காது.

அடுத்து கார்டு ரீடர். யூஎஸ்பி 2.0 ரீடரின் காகித வேகமே நொடிக்கு 60 எம்பி. கையில் கிடைப்பது 30-லிருந்து 40 வரைதான். கார்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைத் தாண்டாது. சென்னை ரிச்சி தெருவில் கார்டோடு இலவசமாகக் கொடுக்கும் குட்டி ரீடர்கள் அநேகமாக இந்த ரகம். வேகத்தைச் சோதிப்பதென்றால் யூஎஸ்பி 3 ரீடர் ஒன்று வாங்குங்கள், யூஎஸ்பி 3 போர்ட்டிலேயே செருகுங்கள். ராஸ்பெர்ரி பையிலும் இதே கதைதான். பை 3-ல் கார்டு துளையே இருபது சொச்சம் எம்பிக்கு மேல் தராது, பை 4-ல் உச்சவரம்பு 50, பை 5-ல்தான் 104.

அந்த 104 யூஎச்எஸ்-1 என்ற வேக முறையில் ஓடும் சாதாரணக் கார்டுகள் எல்லாவற்றுக்கும் தரம் வகுத்த உச்சவரம்பு. அப்படியென்றால் 160, 200 என்று அச்சடிக்கிறார்களே? அது தரத்துக்கு வெளியே, தயாரிப்பாளர் தாமாகச் சேர்த்த ஒரு முறை. அதைப் புரிந்துகொள்ளும் ரீடரில் மட்டும் வரும். உங்கள் போனிலோ கேமராவிலோ அனேகமாக வராது, அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

கம்ப்யூட்டரும் ஏமாற்றும். கோப்பு நகலெடுக்கும்போது பச்சைப் பட்டை சரசரவென்று 90 சதவீதம் ஓடிவிட்டு அங்கேயே நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடியது ரேமுக்குள், நின்றது கார்டு வாசலில். லினக்ஸில் டிடி கட்டளையால் அளந்தால், ரேமைத் தாண்டி நேராக எழுதும் டைரக்ட் விருப்பத்தைக் கொடுங்கள். இல்லாவிட்டால் வருவது உங்கள் ரேமின் வேகம்.

வட்டத்துக்குள் 10, யூ1, வி30, ஏ1. இதெல்லாம் என்ன?

வட்டத்துக்குள் 10, யூ1, வி10 மூன்றும் ஒரே வாக்குறுதிதான்: தொடர்ச்சியாக எழுதும்போது நொடிக்குக் குறைந்தது 10 எம்பி. யூ3, வி30 இரண்டும் 30 எம்பி. வி60, வி90-க்கு எண்ணே பொருள்.

ஏ1, ஏ2 வேறு விஷயம். போனிலும் பையிலும் செயலிகள் சின்னச் சின்னத் துண்டுகளாக அங்கும் இங்கும் எழுதும். ஏ1 என்றால் அப்படி நொடிக்கு 1500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் வேண்டும். ஏ2-க்கு 4000-ம் 2000-ம். துண்டுக்கு 4 கேபி என்று வைத்தால் ஏ1-ன் 500 முறை என்பது நொடிக்கு வெறும் 2 எம்பி. அட்டையில் 100 என்று போட்ட அதே கார்டு! கார்டில் செயலியை நிறுவினால் போன் ஏன் திணறுகிறது என்பதற்கு இந்த ஓர் எண் போதும். ஏ2 கார்டின் முழுப் பலன் வேண்டுமென்றால் செருகும் கருவியும் அதற்கான கட்டளை வரிசை வசதியை ஆதரிக்க வேண்டும். பல கருவிகளில் அது இல்லை.

இந்தச் சின்னங்களை அச்சடிக்க மைச் செலவு மட்டும்தான் ஆகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இந்தச் சின்ன எழுத்து வேகத்தை நான் எப்படி அளப்பது?

விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கை ஓட்டி, மேலே வரும் பெரிய எண்களை விட்டுவிட்டு 4கே, க்யூ1, டி1 என்ற கடைசி வரியைப் பாருங்கள். லினக்ஸில் ஃபியோ என்ற சோதனை நிரல். 4 கேபி துண்டு, ரேண்டம் எழுத்து, டைரக்ட் என்று கொடுத்துச் சில நிமிடம் ஓட விடுங்கள். பத்து நொடி ஓட்டி வரும் எண்ணை நம்ப வேண்டாம்.

முதலில் வேகமாக எழுதிவிட்டு, கொஞ்ச நேரத்தில் தவழ ஆரம்பிக்கிறது. கெட்டுவிட்டதா?

அவசியம் இல்லை. பல கார்டுகள் ஃப்ளாஷின் ஒரு பகுதியை, ஒரு செல்லில் ஒரே பிட் வைக்கும் எஸ்எல்சி முறையில் வேகமான தற்காலிக இடமாகப் பயன்படுத்துகின்றன. அது நிரம்பும்வரை ஜோர். நிரம்பிய பிறகு நேரடியாக மெதுவான செல்களில் எழுத வேண்டும், முன்பு எழுதியதையும் அங்கே நகர்த்த வேண்டும். 1 ஜிபி அளவில் செய்யும் சோதனைகள் இந்தச் சரிவைப் பார்ப்பதே இல்லை. கார்டு முழுவதையும் நிரப்பும் சோதனையில், ஒவ்வொரு ஜிபிக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொண்டே வந்தால் சரிவு எங்கே தொடங்குகிறது என்று பளிச்சென்று தெரியும். வீடியோ எடுப்பவர்களுக்கு அந்தச் சரிந்த வேகம்தான் கணக்கு.

ஒரு கார்டில் எத்தனை தடவை அழித்து எழுதலாம்?

பென்சிலால் எழுதி ரப்பரால் அழிக்கும் தாள் மாதிரிதான். ஒவ்வொரு அழிப்பிலும் கொஞ்சம் தேயும். ஒரு செல்லில் ஒரு பிட் வைக்கும் எஸ்எல்சி ஒரு லட்சம் முறை வரை தாங்கும். இரண்டு பிட் எம்எல்சி சில ஆயிரம், மூன்று பிட் டிஎல்சி சுமார் ஆயிரத்திலிருந்து மூவாயிரம், நாலு பிட் க்யூஎல்சி சில நூறிலிருந்து ஆயிரம். மலிவுக் கார்டின் உள்ளே எது இருக்கிறது என்று அட்டையில் போட மாட்டார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஃப்ளாஷை 4 கேபி, 8 கேபி என்று தனித்தனியாக அழிக்க முடியாது. பெரிய பிளாக்காகத்தான் அழிக்க வேண்டும், மலிவுக் கார்டில் அது பல எம்பி இருக்கும். ஒரு வரி லாக் (நிகழ்வுப் பதிவு) எழுதினாலும் அதற்காக உள்ளே நிறைய டேட்டா இடம் மாற வேண்டியிருக்கும். பெரிய வீடியோவைத் தொடர்ச்சியாக எழுதுவதை விட, நிமிடத்துக்கு நாலு முறை டேட்டாபேஸில் துண்டு துண்டாக எழுதும் ராஸ்பெர்ரி பை கார்டைச் சீக்கிரம் கொல்வது இதனால்தான்.

வீட்டிலேயே ஆயுள் சோதனை செய்யலாமா?

செய்யலாம், பொறுமை வேண்டும். 64 ஜிபி கார்டு, எழுதும் வேகம் 15 எம்பி, படிக்கும் வேகம் 40 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரப்ப 71 நிமிடம், திரும்பப் படிக்க 27 நிமிடம். ஒரு சுற்றுக்கு 98 நிமிடம் என்றால் ஆயிரம் சுற்றுக்கு 68 நாள், இரவு பகல் நிற்காமல். கொள்ளளவு கூடக் கூட நாளும் கூடும்.

முறை எளிது: கார்டை நிரப்பு, திரும்பப் படி, ஒப்பிடு, சுற்று எண்ணையும் வேகத்தையும் பிழையையும் ஒரு கோப்பில் எழுது, மீண்டும் தொடங்கு. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் எழுதும் டேட்டா வேறாக இருக்க வேண்டும். எஃப்3 எப்போதும் ஒரே இடத்தில் ஒரே டேட்டாவைத்தான் எழுதும். கார்டு ஒருநாள் எழுதுவதை நிறுத்திவிட்டு "எழுதிவிட்டேன்" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தால், போன சுற்றின் டேட்டா அப்படியே உட்கார்ந்திருக்கும், ஒப்பிட்டால் அச்சு அசலாகப் பொருந்தும். செத்த கார்டு தேர்ச்சி பெற்றுக்கொண்டே இருக்கும். ஆகவே கொள்ளளவுச் சோதனைக்கு எஃப்3, ஆயுள் சோதனைக்குச் சுற்றுக்குச் சுற்று சீட் எண்ணை (ரேண்டம் டேட்டாவுக்கான தொடக்க எண்) மாற்றி ரேண்டம் டேட்டா எழுதும் சொந்த ஸ்கிரிப்ட்.

முதல் பிழை வந்ததும் நிறுத்திவிட வேண்டாம், குறித்துக்கொண்டு தொடருங்கள். ஆனால் பழியைக் கார்டின் மேல் போடும் முன் வேறு ரீடரில் ஒருமுறை படித்துப் பாருங்கள். மலிவு ரீடர்களும் யூஎஸ்பி ஹப்புகளும் கார்டுக்கு முன்பே சூடாகிக் கையை விரிக்கும்.

இப்படிக் கிடைக்கும் சுற்று எண்ணிக்கையை அப்படியே அன்றாடப் பயன்பாட்டுக்குப் பொருத்தக் கூடாது. தொடர்ச்சியாக எழுதுவது கார்டுக்கு மிகச் சுகமான வேலை. சோதனையில் ஆயிரம் சுற்று தாங்கிய கார்டு, துண்டு எழுத்தில் அதில் ஒரு சிறு பங்கு மட்டுமே தாங்கலாம்.

இடைவிடாத பதிவுக்கென்று விற்கும் "ஹை எண்டூரன்ஸ்" கார்டில் 43,800 மணி நேரம் என்று போடுகிறார்களே, அது என்ன கணக்கு?

2018-ல் வந்த சாம்சங் ப்ரோ எண்டூரன்ஸ் 128 ஜிபி கார்டுக்குச் சொன்ன எண் அது. நொடிக்கு 26 மெகாபிட் வீடியோ என்ற அடிப்படையில் சொன்னது. பிரித்துப் பார்ப்போம். 8 பிட் ஒரு பைட், ஆகவே 26 மெகாபிட் என்றால் 3.25 எம்பி, மணிக்கு 11.7 ஜிபி. 43,800 மணிக்கு சுமார் 512 டிபி. அதை 128 ஜிபியால் வகுத்தால் கிட்டத்தட்ட 4000 சுற்று. மணி நேரத்தைச் சுற்றுக் கணக்காக மாற்றிய பிறகுதான் இரண்டு கார்டுகளை நியாயமாக ஒப்பிட முடியும். கொள்ளளவு இரட்டிப்பானால் மணி நேரமும் இரட்டிப்பாகும், உள்ளே இருக்கும் ஃப்ளாஷ் அதேதான்.

வைஃபை சிசிடிவிக்குச் சாதாரணக் கார்டு போதுமா?

காகிதத்தில் போதும். நொடிக்கு 2 மெகாபிட் எழுதும் கேமரா நாளைக்கு 21.6 ஜிபி எழுதும். 64 ஜிபி கார்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சுற்றும், வருடத்துக்குச் சுமார் 122 சுற்று. ஆயிரம் சுற்றுக் கார்டு எட்டு வருடம் வர வேண்டும்.

நடைமுறையில் வருவதில்லை. மொட்டை மாடி வெயிலில் காயும் கேமராப் பெட்டி, எழுதிக்கொண்டிருக்கும்போதே போய்ப் போய் வரும் கரண்ட், வீடியோவோடு சேர்த்து எழுதப்படும் சின்ன அட்டவணைக் கோப்புகள் எல்லாம் சேர்ந்து ஆயுளைக் குறைக்கின்றன. கேமராவின் பவருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போட்டால் கரண்ட் தொல்லையாவது குறையும். டேஷ்கேம் இன்னும் கடினம். நொடிக்கு 15 மெகாபிட் என்றால் மணிக்கு 6.75 ஜிபி, அதோடு வெயிலில் மூடி நிறுத்திய காரின் சூடு. டேஷ்கேமுக்கு நான் எண்டூரன்ஸ் கார்டைத்தான் சொல்வேன். சாதாரணக் கார்டுகளின் வாரண்டித் தாளில் டேஷ்கேம், கண்காணிப்புக் கேமரா இரண்டையும் விலக்கியிருப்பார்கள், படித்துப் பாருங்கள்.

கார்டு சாகப்போகிறது என்று எப்படித் தெரியும்?

பெரும்பாலும் சொல்லிவிட்டுச் சாகாது. ஆனால் ஓர் அறிகுறி விசேஷமானது: அழித்த கோப்புகள் திரும்பி வரும். ஃபார்மேட் செய்கிறீர்கள், கார்டு காலி என்று காட்டுகிறது, கழற்றி மாட்டினால் பழைய படங்கள் அத்தனையும் சிரித்துக்கொண்டு நிற்கின்றன. வைரஸ் என்று நினைத்து ஆன்ட்டிவைரஸ் ஓட்டுபவர்கள் உண்டு. கன்ட்ரோலர் எழுதுவதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். படிக்க முடிகிறதே என்று சந்தோஷப்பட்டு, முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு நகலெடுங்கள். மற்றபடி எழுதும் வேகம் திடீரென்று சரிவது, கருவி "கார்டு இல்லை" என்று அவ்வப்போது சொல்வது இரண்டும் கவனிக்க வேண்டியவை.

ஹெல்த் சதவீதம் காட்டும் ஆப் இருக்கிறதா?

எஸ்எஸ்டியில் இருப்பதுபோல் எல்லோரும் படிக்கக்கூடிய ஆயுள் அளவீடு சாதாரண எஸ்டி கார்டில் கிடையாது. தொழிற்சாலை ரகக் கார்டுகள் சிலவற்றில் உண்டு, அதைப் படிக்கத் தயாரிப்பாளரின் கருவி வேண்டும். போன் ஆப் 87 சதவீதம் என்று காட்டினால் அது குத்துமதிப்பு.

என் கார்டு நன்றாகத் தாங்கியது. அதே மாடலை நண்பருக்குச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அவரையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரே பெயர், ஒரே அட்டை, உள்ளே வேறு சிப் என்பது இந்தத் தொழிலில் சகஜம்.

சோதனையில் தோற்ற கார்டை என்ன செய்வது?

ஆன்லைனில் வாங்கியது என்றால் சோதனை முடிவின் ஸ்கிரீன்ஷாட்டோடு ரிட்டர்ன் கேளுங்கள். அதனால்தான் வாங்கிய அன்றே சோதிப்பது நல்லது. ரிட்டர்ன் கெடு ஒரு வாரம், பத்து நாள்தான் இருக்கும். எஃப்3ஃபிக்ஸ் என்ற நிரலால் போலிக் கார்டை அதன் உண்மையான கொள்ளளவுக்குச் சுருக்கிப் பயன்படுத்தலாம் என்பார்கள். பாட்டுக் கேட்க வேண்டுமானால் சரி, வேறெதற்கும் அந்தச் சிப்பை நம்ப மாட்டேன்.

பயன்படுத்திய கார்டு என்றால் அனுப்பும் முன் யோசியுங்கள். சாதாரண ஃபார்மேட்டில் டேட்டா போகாது, எழுத முடியாமல் பூட்டிக்கொண்ட கார்டை அழிக்கவே முடியாது. அதில் வீட்டுப் படமோ ஆதார் நகலோ இருந்தால் ரிட்டர்ன் பணத்தை மறந்துவிட்டு கட்டிங் பிளேயரை எடுங்கள். மைக்ரோ எஸ்டியில் சிப் கிட்டத்தட்ட கார்டு முழுவதும் பரவியிருக்கும், அதனால் ஓரத்தில் கிள்ளினால் போதாது. நடுவில் குறுக்கே இரண்டு மூன்று இடத்தில் வெட்டுங்கள்.